தமிழ் வெப்காமிக்: முதலில் எழுத்து, பிறகு படம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, அதே ஊர் அல்சூரில் பாட்டி வீடு, சனி ஞாயிறுகளில் டேப்லெட்டில் வரையும் பழக்கம். பாட்டியையும் மாடியில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களையும் வைத்து 120 பக்கத்துக்கு ஒரு வெப்காமிக், அதாவது இணையத்தில் போடும் சித்திரக்கதை, செய்ய ஆசை. எந்த மென்பொருள், எந்தத் தளம், எப்போது காசு வரும் என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "தமிழ்ல போட்டா யாரு படிப்பாங்க, பேசாம இங்கிலீஷ்லயே செஞ்சிடலாமா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நடுவில் போகிறபோக்கில் "பாட்டி சம்ப் மூடியில் காதை வைத்துத் தண்ணீர் வருகிறதா என்று கேட்பாள்" என்று ஒரு வரி இருந்தது (சம்ப் என்றால் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி). அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் பதினோரு வருடமாக இதே ஊரிலிருந்து வாரம் ஒரு நான்கு கட்டத் தமிழ் ஸ்ட்ரிப், அதாவது குட்டிச் சித்திரக்கதை, போட்டு வருகிறேன். பகலில் பாடநூல்களுக்கும் சிறுவர் நூல்களுக்கும் பக்கம் அமைக்கும் வேலை. பலூனுக்குள் (வசனம் வரும் பேச்சுக் குமிழிக்குள்) தமிழை அடுக்குவது, பட அளவுகள், எடுத்ததை முடிப்பது ஆகியவற்றில் அழுத்திச் சொல்வேன். கீழ்நோக்கி உருட்டிப் படிக்கும் நெடுங்கதை ஒன்றே ஒன்றுதான் செய்திருக்கிறேன், அதில் என் அனுபவம் சிறியது. காசு விஷயத்தில் எனக்கு நடந்ததைத்தான் சொல்ல முடியும், அது உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் மொழி. பாட்டி தமிழில் யோசிக்கிறாள், தமிழில் திட்டுகிறாள். அவளை இங்கிலீஷில் பேசவைத்தால் முதல் நாளே நீங்கள் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவீர்கள். கதை உங்களிடம் இருக்கும்போது அந்த வேலை எதற்கு? தமிழில் செய்யுங்கள். வசனத்தைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி அடுக்காக வைத்திருந்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் அந்த அடுக்கை மட்டும் மாற்றி இங்கிலீஷ் பதிப்பு எடுக்கலாம். நான் அப்படி எடுத்திருக்கிறேன், ஒரு ஸ்ட்ரிப்புக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. தமிழா இங்கிலீஷா என்று இப்போதே தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தமிழில் செய்வதாக இருந்தால் வேலையின் வரிசையே மாறுகிறது.

நம்மில் பலர் சித்திரக்கதை படித்துப் பழகியது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக. முத்து 1972-லும் லயன் 1984-லும் தொடங்கின. அவற்றில் வந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ், இத்தாலிய, பிரெஞ்சு-பெல்ஜியக் கதைகளின் மொழிபெயர்ப்பு. பலூனின் அளவை வேறொரு மொழிக்காக யாரோ எப்போதோ வரைந்துவிட்டார், தமிழ் அதற்குள் அடங்கியாக வேண்டும். அந்த இடுக்குக்குள் இத்தனை வருடம் வாசிக்கும்படியான தமிழைக் கொடுத்தார்களே என்று பக்கம் அமைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். உங்களுக்கு அந்த இடுக்கு இல்லை, பலூனும் நீங்கள் வரைவதுதான். அப்படியிருந்தும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் படத்தை முழுக்க முடித்துவிட்டு மிச்சமிருக்கும் மூலையில் வசனத்தைத் திணிக்கிறார்கள். எழுத்து சிறுத்துப்போகிறது. போனில் படிக்கிறவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார், மூன்றாவது முறை விட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு சின்னச் சோதனை. "சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்பதை எண்ணிப் பாருங்கள், பதினான்கு எழுத்து. இடையில் இடைவெளி கிடையாது, உடைத்தால் கண் தடுக்கும். இதையே வாயால் சொல்வதுபோல் "சொல்லிட்டிருக்காங்க" என்று எழுதினால் பத்து. பேச்சுத் தமிழ் பாட்டிக்குப் பொருத்தம் என்பது ஒரு பக்கம், பலூனுக்கும் அதுதான் பொருத்தம். அதனால் என் வரிசை இது: முதலில் நான்கு கட்டங்களை வெறும் கோடாகப் போடுவேன். வசனத்தைத் தட்டச்சு செய்து, கடைசியில் எந்த அளவில் வரப்போகிறதோ அந்த அளவிலேயே கட்டத்துக்குள் வைப்பேன். அதைச் சுற்றிப் பலூன். மிச்ச இடத்தில்தான் ஆட்கள். இடம் போதவில்லை என்றால் வசனத்தை வெட்டுவேன், எழுத்தின் அளவைக் குறைக்க மாட்டேன். 1080 பிக்சல் அகலப் படத்தில் 36 பிக்சலுக்குக் கீழே எழுத்து போனால் என் அம்மாவால் போனில் படிக்க முடியவில்லை. எனக்கு அவர்தான் அளவுகோல்.

வரிகளுக்கிடையே இடம் தாராளமாக விடுங்கள். இங்கிலீஷ் காமிக்ஸில் பெரும்பாலும் கேப்பிடல் எழுத்து, எல்லாம் ஒரே உயரம், நெருக்கி அடுக்கினாலும் தாங்கும். நமக்கு மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. எழுத்தின் உயரத்தைப்போல் 1.3 மடங்குக்குக் குறையாமல் வரி இடைவெளி இருந்தால்தான் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளாது. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரியைத் தொடங்காதீர்கள், பழைய அச்சுக்கூடங்களில் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது, இன்றைக்கும் சரிதான். அழுத்திச் சொல்ல இங்கிலீஷில் சாய்வெழுத்து போடுவார்கள், தமிழைச் சாய்த்தால் விழுந்துவிடும்போல் இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் ஒரு படி பெரிதாக்குங்கள். சத்தங்களுக்கு இங்கிலீஷ் ஒலிகளைக் கடன் வாங்கவே வேண்டாம். தடதட, சளசள, மொறுமொறு, ணங், தொப் என்று நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது.

மென்பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். வரைவதற்கு எது கைக்குப் படிகிறதோ அது போதும். கிரிட்டா இலவசம், திறந்த மூலம், அதிலேயே முழுக்கதையும் வரையலாம். தமிழுக்கு என்று பார்த்தால் சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: "கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீ" என்று தட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு இடப்பக்கம் போகாமல் வலப்பக்கம் தனியாக நின்றால், அந்தச் செயலி தமிழ் எழுத்தைச் சேர்த்து அமைக்கத் தெரியாமல் குறிகளை வரிசையாகக் கொட்டுகிறது என்று பொருள். ஃபோட்டோஷாப்பில் இது வந்தால் பயப்பட வேண்டாம், அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்'. இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தமிழைச் சரியாகவே அமைக்கும். கிரிட்டாவில் 2023-இல் வந்த 5.2 பதிப்பில் எழுத்து அமைக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள், அதற்கு முந்தையதை வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வரைவது ஒன்றில், எழுத்து இன்னொன்றில் என்று பிரித்துக்கொள்வதிலும் தவறில்லை. நான் இன்றுவரை எழுத்தை இங்க்ஸ்கேப்பில்தான் அடுக்குகிறேன்.

எழுத்துரு, எல்லாக் கருவியிலும் ஒரேபோல் படிக்கக்கூடிய யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில் அடித்து வைத்தால் நாளைக்கு அந்த வசனத்தை வேறெங்கும் ஒட்ட முடியாது. கூகுள் எழுத்துருக்களில் தமிழுக்கு நல்லவை இருக்கின்றன, திறந்த உரிமம் என்பதால் விற்கும் புத்தகத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வசனத்துக்கு முக்த மலர், கத்துவதற்கும் தலைப்புக்கும் பாலூ தம்பி, கடிதம் நாட்குறிப்பு மாதிரி இடங்களுக்குக் கையெழுத்துச் சாயல் உள்ள கவிவனார் என்று நான் வைத்திருக்கிறேன். கையால் எழுதினால் இவை எல்லாவற்றையும்விட அழகாக இருக்கும். ஆனால் பிழை திருத்தம் சிரமம், மொழிமாற்றம் அதைவிடச் சிரமம்.

உங்கள் கதைக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அது சிக்கல் என்பதைவிடச் சொத்து. அல்சூர்ப் பாட்டி பேரனிடம் தமிழ் பேசுவாள், பஸ் கண்டக்டரிடம் கன்னடம், மாடியில் இருப்பவர்களிடம் பல மொழியும் கலந்த ஏதோ ஒன்று. இதை எப்படிப் பலூனில் காட்டுவது? நான் ஆரம்பத்தில் கன்னடத்தைக் கன்னட எழுத்திலேயே போட்டு, கட்டத்துக்குக் கீழே பொருள் எழுதினேன். மதுரையில் இருக்கும் வாசகருக்குப் பலூன் வெறும் ஓவியமாகப் போயிற்று, கண் கீழே இறங்கி மேலே ஏறி அலுத்துவிட்டது. இப்போது தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், பொருளைப் பதிலிலேயே ஒளித்துவைக்கிறேன். கண்டக்டர் "எல்லிகே?" என்கிறார், பாட்டி "அல்சூருக்குத்தாம்பா, தினம் ஏறுறேனே தெரியாதா" என்கிறாள். அகராதி வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். பாட்டி கன்னடத்திலேயே நீளமாகப் பேசவேண்டிய இடம் வந்தால், வசனத்தைத் தமிழில் எழுதிப் பலூனுக்கு மட்டும் வேறு நிறக் கோடு கொடுக்கிறேன். அந்த நிறம் எந்த மொழி என்று முதல் எபிசோடில் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கன்னடத்தையோ தெலுங்கையோ கேலிக்காக உடைத்து எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதையைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள், இந்த ஊரில் உண்மையிலேயே படிப்பார்.

அளவுகளுக்கு வருகிறேன். இதில் நான் வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது. முதல் நாற்பது ஸ்ட்ரிப்புகளை 1080 பிக்சல் அகலத்தில் வரைந்தேன், திரையில் பளிச்சென்று இருந்தது. பிறகு அவற்றைத் தொகுத்துச் சின்னப் புத்தகமாக அச்சிட எடுத்தபோது, அச்சகத்தில் கோப்பைத் திறந்து பார்த்தவர் அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம், ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். புத்தகப் பக்கத்தின் முக்கால் அகலம்கூட வராது. இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் பிசிறடித்துப்போகிறது. நாற்பதையும் மறுபடி வரைந்தேன். நீங்கள் ஏ4 தாளை 300-இல் திறந்து, அதாவது 2480க்கு 3508 பிக்சலில் வரைந்து, வெளியிடும்போது மட்டும் சிறிதாக்குங்கள். வெப்டூன் என்ற சித்திரக்கதைத் தளத்தில் யாரும் ஏற்றக்கூடிய கேன்வாஸ் பகுதியில் ஒரு துண்டுப் படம் 800 பிக்சல் அகலம், 1280 உயரம் வரை. இன்ஸ்டாகிராமில் நெட்டுவாக்குப் பதிவு 1080க்கு 1350, ஒரே பதிவில் 20 படம் வரை அடுக்கலாம். தளத்தின் அளவுகள் நாளைக்கே மாறலாம், பெரிதாக வரைந்த மூலம் கையில் இருந்தால் எதற்கும் வெட்டிக்கொள்ளலாம்.

உருட்டிப் படிக்கும் வடிவம் தென்கொரியாவில் நேவர் நிறுவனம் 2004-இல் வெப்டூனைத் தொடங்கியபின் பரவியது. அதில் இடைவெளிதான் நேரம். இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெற்றிடம் நீள நீள வாசகர் காத்திருக்கிறார். பாட்டி தண்ணீருக்காகக் காத்திருக்கும் காட்சிக்கு அது அருமையாகப் பொருந்தும். ஆனால் அச்சுக்குப் போகும்போது பக்கங்களை முழுக்க மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். நான் செய்த ஒரே நெடுங்கதைக்கு அந்த மறு அமைப்பு இரண்டு மாதம் தின்றது. அதனால் முதல் முயற்சிக்கு நான்கு கட்ட ஸ்ட்ரிப்பையே சொல்வேன். நான்கும் ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் வரிசையாகவும் வைக்கலாம், இரண்டுக்கு இரண்டாகவும் வைக்கலாம், ஒன்றன்கீழ் ஒன்றாகவும் உருட்டலாம்.

120 பக்கக் கதையை இப்போது தொடங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்கு ஒரு ஸ்ட்ரிப்புக்கு ஏழு மணி நேரம் ஆகிறது. எழுதவும் வெட்டவும் இரண்டு, எழுத்து அடுக்க ஒன்று, பென்சிலுக்கு ஒன்றரை, இங்க் போட இரண்டு, தளத்தில் ஏற்ற அரைமணி. வேலைக்குப் போகிறவருக்கு வாரத்தில் ஏழு மணி நேரம் என்பதே பெரிய ஒதுக்கீடு. 120 பக்கம் என்றால் வருடக்கணக்கு. எட்டாவது பக்கத்தில் உங்கள் கோடு மேம்பட்டுவிடும், முதல் ஏழு பக்கமும் பிடிக்காமல் போகும், திருத்த உட்காருவீர்கள், கதை அங்கேயே நிற்கும். எனக்குத் தெரிந்த பலரின் கதைகள் நின்றது இந்த இடத்தில்தான். அதே மனிதர்களை வைத்துத் தனித்தனியாக முடியும் பன்னிரண்டு ஸ்ட்ரிப் செய்யுங்கள். பன்னிரண்டும் முடிந்தபிறகு முதலாவதை வெளியிடுங்கள். வாரம் ஒன்று போட்டால் மூன்று மாதம் தாங்கும், அதற்குள் அடுத்தவை தயாராகும். காய்ச்சல், ஆபீஸில் மென்பொருள் ரிலீஸ், ஊருக்குப் போவது எல்லாவற்றையும் இந்தக் கையிருப்பு தாங்கும். நீண்ட கதை அந்தப் பன்னிரண்டுக்குள்ளிருந்தே முளைக்கும்.

எங்கே போடுவது என்பதில் என் கருத்து மாறி மாறி வந்திருக்கிறது. ஐந்தாம் வருடம் ஒரு கதைச் செயலியில் மட்டும் அறுபது ஸ்ட்ரிப் போட்டிருந்தேன். ஒருநாள் செயலியை மூடிவிட்டார்கள். படங்கள் என்னிடம் இருந்தன, வாசகர்கள் எழுதியிருந்த பதில்கள் எல்லாம் போயின. அன்றிலிருந்து மூலம் என் சொந்தத் தளத்தில், மற்ற இடங்கள் எல்லாம் வாசல்கள். வேர்ட்பிரஸில் ஒரு மாலையில் அமைத்துவிடலாம். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழே வசனத்தை எழுத்தாகவும் ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்காது, பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் படிக்காது. எனக்கு இப்படி ஒட்டத் தொடங்கியபின் கிடைத்த முதல் கடிதம் கோவையிலிருந்து, பார்வையற்ற ஓர் ஆசிரியர் எழுதியது. இன்ஸ்டாகிராமில் எந்தப் பதிவு ஓடும் என்பதற்கு என்னிடம் எந்த விதியும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் என்பது மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சின்னதாக உங்கள் பெயரும் தள முகவரியும் இருக்கட்டும்.

உரிமை விஷயத்தில் தெளிவாகச் சொல்லக்கூடியவை சில. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நீங்கள் வரைந்த கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, தகராறு வந்தால் சான்றாக உதவும். படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு உரிமை நீடிக்கும். யாராவது வெளியிடக் கேட்டு ஒப்பந்தம் நீட்டினால் எத்தனை வருடம், எந்த நாடு என்று இரண்டையும் பாருங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது சட்டம். வேலைக்கு வெளியே செய்ததையும் வளைத்துப்போடும் வரிகள் சில ஐ.டி. ஒப்பந்தங்களில் உண்டு. அலுவலக லேப்டாப்பில் ஒரு கோடுகூடப் போட வேண்டாம். சந்தேகமான வரி இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள், அங்கே என் பேச்சு போதாது.

காசு. முதல் இரண்டு வருடம் எனக்கு ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருடம் 32 பக்கச் சிற்றேடு ஒன்றை அறுபது ரூபாய்க்கு விற்றேன், அச்சுச் செலவு திரும்பியது. வருமானம் என்று சொல்லத்தக்கது பிறகு ஸ்ட்ரிப்பைப் பார்த்துவிட்டு வந்த வேலைகளிலிருந்துதான்: பள்ளிகளுக்கான படக்கதை, சுகாதாரக் கையேடு, இப்படி. மாதச் சந்தா வழிகள் இருக்கின்றன, ஆனால் 2021 அக்டோபரில் தானாகக் கழியும் அட்டைக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பு கொண்டுவந்தபோது என் சந்தாதாரர்களில் பலர் அறுந்துபோனார்கள். இப்போது யூ.பி.ஐ.யில் விரும்பியவர்கள் விரும்பியதைப் போடுகிறார்கள். வாடகையை இதை நம்பி வைக்காதீர்கள்.

மாடியில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெயர், வேலை, சொந்த ஊர் மூன்றையும் மாற்றுங்கள். நான் கேட்காமல் வரைந்த ஒருவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

இனி அந்த சம்ப் மூடி. முதல் ஸ்ட்ரிப் அதுவாகவே இருக்கட்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் காவிரித் தண்ணீர் வரும் விடியற்காலை, தெருவிளக்கு. முதல் கட்டம்: பாட்டி சிமெண்ட் தரையில் மண்டியிட்டுக் காதை மூடியில் வைத்திருக்கிறாள். பலூன் மேல் மூலையில், மாடியிலிருந்து வருகிறது: "பாட்டி, வந்துச்சா?" இரண்டாவது: அவள் ஒரு விரலை மட்டும் தூக்குகிறாள், வசனம் கிடையாது. மூன்றாவது: முழுக் கட்டமும் கறுப்பு, மூடிக்கு அடியில் இருக்கும் இருட்டு, கீழ் ஓரத்தில் ரொம்பச் சின்னதாக 'சள' என்று ஒரே ஒரு சொட்டு மாதிரி எழுதுங்கள். நான்காவதில் பாட்டி நிமிர்ந்திருக்கிறாள், மாடி ஜன்னல்கள் இரண்டிலும் விளக்கு எரிகிறது. அவள் சொல்வதற்கு இடம் விட்டுத்தான் அந்த ஜன்னல்களை வரைய வேண்டும், ஆகவே முதலில் அந்த வரியை எழுதுங்கள். என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது. நாளை விடியற்காலை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.